எழுதும் தளத்துக்குப் பணம் கட்டலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். இண்டர்நெட்டில் கிட்டத்தட்ட எல்லாமே இலவசம். ஈமெயில் இலவசம், வீடியோ இலவசம், கடிதம் டைப் செய்யும் வசதியும் இலவசம். அப்படி இருக்கும்போது ஏதோ ஒரு சின்ன வெப்சைட் மாதம் 5 டாலர் கேட்டால் நமக்கு என்ன தோன்றும்? "இதற்கெல்லாமா காசு?" என்று பிரவுசரை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

அவசரப்பட்டு மூட வேண்டாம். நீங்கள் தினமும் டைரி எழுதும், கதை எழுதும், கட்டுரைக்குக் குறிப்பு எடுக்கும் ஒரு தளம் உங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது என்றால், அந்தத் தளம் எந்தப் பணத்தில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அங்கே இருப்பது உங்கள் எழுத்து. தளம் நாளைக்கு மூடப்பட்டால் நஷ்டப்படப் போவது நீங்கள்தான். பணம் கட்டுவதால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, கட்டுவதென்றால் எப்படிக் கட்டுவது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

உங்கள் எழுத்து எங்கே இருக்கிறது?

முதலில் ஒரு அடிப்படை. நோட்பேடிலோ வேர்டிலோ டைப் செய்து சேவ் செய்தால், அந்த பைல் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். இண்டர்நெட் இணைப்பு இல்லாவிட்டாலும் திறக்கலாம். அந்த சாப்ட்வேரைத் தயாரித்த நிறுவனமே நாளை இல்லாமல் போனாலும் பைல் உங்களிடம்தான் இருக்கும்.

ஆன்லைன் எழுத்துக் கருவி அப்படி இல்லை. பிரவுசரில் ஒரு வெப்சைட்டைத் திறந்து, பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போய், அங்கே டைப் செய்கிறீர்கள். நீங்கள் டைப் செய்த எழுத்துகள் இண்டர்நெட் வழியாகப் போய் எங்கோ இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில் பதிவாகின்றன. அந்தக் கம்ப்யூட்டருக்குப் பெயர் சர்வர். வீட்டில் எழுதியதை அலுவலகத்தில் தொடரலாம், மொபைலில் படிக்கலாம், உங்கள் கம்ப்யூட்டர் பழுதானாலும் எழுத்து தப்பிவிடும். இவையெல்லாம் வசதிகள்தான். ஆனால் உங்கள் டைரி இன்னொருவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அந்த வீட்டுக்கு அவர் வாடகை கட்டிக்கொண்டிருக்கும் வரை அலமாரியும் இருக்கும்.

ஒரு உதாரணம்: 750 வேர்ட்ஸ்

750 வேர்ட்ஸ் என்று ஒரு தளம் இருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த பஸ்டர் பென்சன் என்பவர் 2009-ஆம் ஆண்டின் கடைசியில் இதை உருவாக்கினார். தினமும் 750 சொற்கள் எழுத வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். ஜூலியா கேமரூன் என்ற எழுத்தாளர் 1992-இல் வெளியிட்ட 'தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வே' புத்தகத்தில் ஒரு பழக்கத்தைச் சொல்லியிருந்தார். காலையில் எழுந்ததும் மனதில் வருவதையெல்லாம் மூன்று பக்கம் கையால் எழுத வேண்டும் என்பது அந்தப் பழக்கம். மூன்று பக்கம் என்பது சுமார் 750 சொற்கள். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதுதான் இந்தத் தளம்.

உள்ளே போனால் ஒரு வெற்றுப் பக்கம் வரும். டைப் செய்யச் செய்யத் தானாகவே சேவ் ஆகும். எத்தனை சொல் எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணிக்கை தெரியும். நாள் தவறாமல் எழுதினால் மதிப்பெண் ஏறும், பறவைப் படம் போட்ட சின்னங்கள் கிடைக்கும். எழுதியதை வேறு யாரும் படிக்க முடியாது. அது உங்களுக்கு மட்டும்தான். விளம்பரம் கிடையாது. இவ்வளவுதான் தளம். பெரிய நிறுவனங்கள் தரும் நூறு வசதிகள் இதில் இல்லை. ஆனாலும் எழுதும் பழக்கம் வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது.

பிடித்தவர்கள் அதிகமானபோது பிரச்சினையும் வந்தது. ஆள் கூடக் கூடச் செலவும் வேலையும் கூடும். ஆரம்பத்தில் இது இலவசத் தளம். விரும்பியவர்கள் நன்கொடை தரலாம் என்று இருந்தது. 2013-இல் புதிதாகச் சேருபவர்களுக்கு மாதம் 5 டாலர் கட்டணம் வந்தது. முதலில் கொஞ்ச நாள் இலவசமாக எழுதிப் பார்க்கலாம். பிடித்தால் பணம் கட்டித் தொடரலாம். ஏற்கெனவே சேர்ந்திருந்த பழைய உறுப்பினர்களிடம் கட்டாயக் கட்டணம் கேட்கவில்லை.

2009-இல் தொடங்கிய எத்தனையோ இலவசத் தளங்கள் இன்று இல்லை. ஒரு தனிமனிதர் தொடங்கிய இந்தச் சின்னத் தளம் கட்டணத்துக்கு மாறிய பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்திருக்கிறது.

எழுத்தைச் சேமிக்க அவ்வளவு செலவா?

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கம்ப்யூட்டரில் ஒரு தமிழ் எழுத்துக்குறியைச் சேமிக்க யுனிகோட் முறையில், அதாவது இண்டர்நெட்டில் வழக்கத்தில் உள்ள யுடிஎப்-8 வடிவில், 3 பைட் இடம் தேவை. ஒரு சொல்லுக்குச் சராசரியாக 8 குறிகள் என்று வைத்துக்கொள்வோம். சொற்களுக்கு இடையே வரும் வெற்றிடத்தையும் சேர்த்தால் ஒரு சொல்லுக்கு 25 பைட். 750 சொற்களுக்குச் சுமார் 19 கிலோபைட். வருடம் முழுக்க ஒரு நாள் விடாமல் எழுதினாலும் 7 மெகாபைட்டைத் தாண்டாது. மொபைலில் எடுக்கும் இரண்டு மூன்று போட்டோக்கள் அந்த அளவு வந்துவிடும்.

அப்படியானால் பணம் எதற்கு? இடத்துக்கு அல்ல, ஆளுக்கு. சர்வர் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு வெப்சைட்டைக் கட்டுவதைவிட அதை நடத்துவதுதான் வேலை. என்னென்ன வேலை என்று பாருங்கள்.

* தளத்தின் பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். டாட்காம் பெயருக்கு வருடம் பத்துப் பதினைந்து டாலர் ஆகும்.
* சர்வருக்கு மாத வாடகை கட்ட வேண்டும்.
* எழுத்துகளைத் தினமும் இன்னொரு இடத்தில் பேக்கப் எடுக்க வேண்டும். அந்த பேக்கப் உண்மையிலேயே திறக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும்.
* சர்வரில் உள்ள சாப்ட்வேர்களில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் உடனே அப்டேட் செய்ய வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை இரவாக இருந்தாலும்தான்.
* குரோம், பயர்பாக்ஸ் போன்ற பிரவுசர்களில் புதுப் பதிப்பு வந்தால் தளம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.
* "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது", "நேற்று எழுதியதைக் காணவில்லை" என்று வரும் ஈமெயில்களுக்குப் பதில் போட வேண்டும்.

கடைசி நான்கும் மனித உழைப்பு. பெரிய நிறுவனத்தில் இதற்கென்று பல குழுக்கள் இருக்கும். சின்னத் தளத்தில் எல்லாவற்றையும் ஒருவரே, பெரும்பாலும் இன்னொரு வேலைக்குப் போய்விட்டு வந்து, இரவில் செய்துகொண்டிருப்பார்.

நீங்கள் தரும் 5 டாலரும் அவர் கைக்கு முழுதாகப் போய்ச் சேராது. கார்டு மூலம் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் அமெரிக்க வழக்கக் கட்டணம் ஒவ்வொரு முறையும் 2.9 சதவீதமும் அதன் மேல் 30 சென்ட்டும். 5 டாலரில் இது சுமார் 44 சென்ட். 200 பேர் மாதம் 5 டாலர் கட்டினால் 1,000 டாலர். கமிஷன் போக அவருக்குக் கிடைப்பது சுமார் 911 டாலர். அதிலிருந்துதான் வாடகை முதல் எல்லாச் செலவும். இதை வைத்து யாரும் பணக்காரர் ஆக முடியாது. ஆனால் மாதம் 200 பேர் கட்டினால் தளத்தை மூடாமல் நடத்த முடியும். ஒருவரும் கட்டாவிட்டால் அவர் தன் சம்பளத்திலிருந்து போட வேண்டும். எத்தனை வருடம் போடுவார்?

இலவசத் தளத்தில் என்ன நடக்கலாம்?

இலவசம் என்றால் செலவே இல்லை என்று அர்த்தம் இல்லை. வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். விளம்பரக்காரர் கொடுக்கலாம். பெரிய நிறுவனம் தன் மற்ற வியாபார லாபத்திலிருந்து கொடுக்கலாம். பின்னால் பெரிதாக லாபம் வரும் என்று நம்பி முதலீட்டாளர் கொடுக்கலாம். கொடுப்பவருக்குக் காரணம் தீர்ந்துவிட்டால் தளமும் முடிந்துவிடும். இரண்டு உண்மைச் சம்பவங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ஈதர்பேட். ஒரே பக்கத்தில் பலர் ஒரே நேரத்தில் டைப் செய்யலாம்; ஒருவர் அடிக்கும் எழுத்து மற்றவர் திரையில் உடனே தெரியும். 2008-இல் ஆப்ஜெட் என்ற சிறு நிறுவனம் இதை வெளியிட்டது. 2009 டிசம்பரில் ஆப்ஜெட்டை கூகுள் வாங்கியது. ஈதர்பேட் குழுவினர் கூகுள் வேவ் என்ற திட்டத்துக்குப் போவார்கள், ஈதர்பேட் மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. பயன்படுத்தியவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதன் பிறகு அதே மாதத்தில் ஈதர்பேட்டின் புரோகிராம் முழுவதும் ஓப்பன் சோர்ஸாக, அதாவது யாரும் எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளும்படி, வெளியிடப்பட்டது. மூலத் தளம் 2010 மே மாதம் மூடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், கூகுள் வேவையும் நிறுத்தப்போவதாக 2010 ஆகஸ்டில் அறிவிப்பு வந்துவிட்டது. ஈதர்பேட் மட்டும் ஓப்பன் சோர்ஸ் புண்ணியத்தால் இன்றும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, போஸ்டரஸ். ஈமெயில் அனுப்பினாலே அது வெப் பக்கமாக மாறிவிடும். அவ்வளவு எளிமை. 2008-இல் வந்த இலவசத் தளம். 2012 மார்ச்சில் ட்விட்டர் இந்த நிறுவனத்தை வாங்கியது. 2013 ஏப்ரல் 30 அன்று போஸ்டரஸ் மூடப்பட்டது. பல வருடம் எழுதியவர்கள் அவசர அவசரமாகத் தங்கள் எழுத்துகளை டவுண்லோட் செய்துகொண்டு வேறு இடம் தேடினார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. போஸ்டரஸைத் தொடங்கியவர்களில் கேரி டான், பிரெட் கிப்சன் இருவரும் 2013-இல் போஸ்ட்ஹேவன் என்ற புதிய தளத்தைத் தொடங்கினார்கள். இந்த முறை இலவசம் இல்லை. மாதம் 5 டாலர். தளத்தை யாருக்கும் விற்க மாட்டோம், நீண்ட காலம் நடத்துவதுதான் நோக்கம் என்று உறுதி அளித்தார்கள். இலவசத் தளம் நடத்தி, விற்று, அது மூடப்பட்டதைப் பார்த்தவர்களே அடுத்த முறை தேர்ந்தெடுத்தது கட்டண முறையை.

பணம் கட்டிவிட்டால் நிரந்தரமா?

இல்லை. இதைச் சொல்லாவிட்டால் கட்டுரை பாதிதான்.

எடிட்டோரியலி என்று ஒரு ஆன்லைன் எழுத்துக் கருவி 2013-இல் வந்தது. எழுதுபவரும் திருத்துபவரும் சேர்ந்து வேலை செய்ய மிக அழகாக அமைக்கப்பட்டிருந்தது. எழுத்தாளர்கள் பலர் விரும்பினார்கள். ஆனால் 2014 பிப்ரவரியில் மூடப் போகிறோம் என்று அறிவித்து, 2014 மே 30 அன்று மூடிவிட்டார்கள். பயன்படுத்தும் அத்தனை பேரும் பணம் கட்டினால்கூட நிறுவனத்தை நடத்தப் போதாது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

750 வேர்ட்ஸுக்கும் எடிட்டோரியலிக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று சிறு கட்டணத்தில் தாக்குப்பிடிக்கும் அளவுக்குச் சிறிய தளம். மற்றது பலருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய நிறுவனம். ஆக, கட்டணம் வாங்குகிறார்களா என்பதோடு, வரும் கட்டணம் அந்தத் தளத்தின் செலவுக்குப் போதுமா என்பதும் முக்கியம். ஆள் குறைவு, வசதிகள் குறைவு, செலவு குறைவு என்று இருக்கும் தளத்துக்கு உங்கள் 5 டாலர் பெரிய தொகை.

எனவே பணம் கட்டும்போது நீங்கள் வாங்குவது உத்தரவாதம் அல்ல. தளத்தை நடத்துபவர் விளம்பரக்காரரையோ முதலீட்டாளரையோ பார்க்காமல் உங்களைப் பார்த்து வேலை செய்ய ஒரு காரணம் கொடுக்கிறீர்கள். அதுவே நல்ல விஷயம்தான்.

இது புது வழக்கம் இல்லை

கம்ப்யூட்டர் உலகில் இந்த வழக்கம் இண்டர்நெட்டுக்கு முந்தியது. மைக்ரோசாப்ட்டின் ஆரம்பகால ஊழியர்களில் ஒருவரான பாப் வாலஸ், வெளியே வந்து 1983-இல் பிசி-ரைட் என்ற எழுத்துச் சாப்ட்வேரை வெளியிட்டார். பிளாப்பி டிஸ்க்கில் காப்பி எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அவரே சொன்னார். பிடித்திருந்தால் 75 டாலர் கட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று கேட்டார். நீங்கள் கொடுத்த காப்பியைப் பார்த்து இன்னொருவர் பதிவு செய்தால் உங்களுக்கு 25 டாலர் கமிஷன் வேறு! இந்த முறைக்குத்தான் ஷேர்வேர் என்று பெயர். பூட்டுப் போடாமல் கொடுத்துவிட்டு, பயன்படுத்துபவரின் மனதை நம்பி வியாபாரம் செய்தார்; நிறுவனமும் நடந்தது.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

சரி, உங்களுக்குப் பிடித்த தளத்துக்குப் பணம் கட்டலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். கார்டை எடுப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

1. குறைந்தது இரண்டு வாரம் பயன்படுத்துங்கள். முதல் நாள் ஆர்வத்தில் பணம் கட்ட வேண்டாம்.

2. தமிழில் டைப் செய்து பாருங்கள். எழுத்து உடையாமல் தெரிகிறதா, சொற்களைச் சரியாக எண்ணுகிறதா, தேடினால் கிடைக்கிறதா என்று சோதியுங்கள். வெளிநாட்டுத் தளங்களில் பலர் தமிழை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

3. எழுதியதை வெளியே எடுக்க எக்ஸ்போர்ட் அல்லது டவுண்லோட் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கும். இந்த வசதி இல்லாத தளத்தில் ஒரு பக்கம்கூட எழுத வேண்டாம்.

4. தளத்தை நடத்துபவர் யார் என்று அறிமுகப் பக்கத்தில் இருக்கிறதா? ஒரு கேள்வி கேட்டு ஈமெயில் அனுப்புங்கள். சில நாளில் பதில் வந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

5. பணம் கட்டுவதை நிறுத்தினால் பழைய எழுத்து என்ன ஆகும் என்று படியுங்கள். படிக்கவும் டவுண்லோட் செய்யவும் தொடர்ந்து அனுமதித்தால் நல்லது.

6. உங்கள் எழுத்தை அவர்கள் என்ன செய்யலாம் என்று பிரைவசி பாலிசியில் பாருங்கள். பொதுவாக, உங்கள் கம்ப்யூட்டரிலேயே என்கிரிப்ட் செய்து அனுப்பும் தளமாக இல்லாவிட்டால், சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும். எனவே பாஸ்வேர்ட், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை டைரியில் எழுதாதீர்கள்.

இந்தியாவிலிருந்து எப்படிக் கட்டுவது?

ரூபாயில், யுபிஐ மூலம் வாங்கும் தளமாக இருந்தால் சுலபம். வெளிநாட்டுச் சிறு தளம் என்றால் பெரும்பாலும் விசா அல்லது மாஸ்டர்கார்டு வேண்டும். இங்கேதான் புதியவர்கள் திணறுகிறார்கள்.

முதல் தடை: கார்டில் வெளிநாட்டு வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்டுகளில் ஆன்லைன் மற்றும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளை வாடிக்கையாளர்தான் ஆன் செய்துகொள்ள வேண்டும். உங்கள் வங்கியின் ஆப் அல்லது நெட் பேங்கிங்கில் கார்டு செட்டிங்ஸ் போய் ஆன் செய்யுங்கள். அதே இடத்தில் உச்சவரம்பை 1,000 ரூபாய் போலக் குறைவாக வையுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் சில ஓடிபி கேட்காமலேயே பணம் எடுத்துவிடும் என்பதால் இது முக்கியம். கட்டி முடித்ததும் மறுபடி ஆப் செய்துவிடலாம்.

இரண்டாவது தடை: மாதாமாதம் தானாகக் கட்டணம் போகாமல் நின்றுவிடும். 2021 அக்டோபர் 1 முதல், தானியங்கிப் பிடித்தத்துக்கு வாடிக்கையாளர் முன்கூட்டியே வங்கி மூலம் ஒப்புதல் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது விதி. வெளிநாட்டுச் சிறு தளங்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு இருக்காது. முதல் மாதம் பணம் போகும், அடுத்த மாதம் தோல்வி என்று ஈமெயில் வரும். தளத்தின் மீதோ வங்கியின் மீதோ கோபப்பட வேண்டாம். வருடக் கட்டணம் இருந்தால் ஒரே முறை கட்டிவிடுங்கள்.

வருடக் கட்டணத்தில் தளத்துக்காரருக்கும் லாபம் உண்டு. மாதம் 5 டாலராக 12 முறை கட்டினால், முன்பு சொன்ன கணக்கின்படி கமிஷனாகப் போவது 5 டாலர் 34 சென்ட். அதே 60 டாலரை ஒரே முறை கட்டினால் 2 டாலர் 4 சென்ட் மட்டும்தான். ஆனால் முதலில் ஒன்றிரண்டு மாதம் மாதக் கட்டணத்தில் பார்த்துவிட்டுப் பிறகு வருடத்துக்கு மாறுங்கள்.

டாலர் மதிப்பு 80 ரூபாய்க்கு மேல் இருப்பதால் 5 டாலர் என்பது 400 ரூபாய்க்கு மேல் வரும். அதன் மேல் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். பல கார்டுகளில் இது 2 முதல் 3.5 சதவீதம் வரை. அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி தனி. 

பணம் கட்டும் பக்கத்துக்கு ஈமெயிலில் வந்த லிங்க் வழியாகப் போகாதீர்கள். தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள்.

பேக்கப் எடுப்பது உங்கள் வேலை

பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். மாதம் ஒரு முறை, ஐந்து நிமிடம் போதும்.

1. தளத்தில் எக்ஸ்போர்ட் கிளிக் செய்து அந்த மாத எழுத்தை டவுண்லோட் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் கண்ட்ரோல் கீயுடன் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்வு செய்து, கண்ட்ரோல் சி அழுத்திக் காப்பி செய்து, நோட்பேடைத் திறந்து கண்ட்ரோல் வி அழுத்துங்கள்.

2. நோட்பேடில் சேவ் ஆஸ் கொடுக்கும்போது கீழே என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். பழைய விண்டோஸில் அங்கே ஏஎன்எஸ்ஐ என்று இருக்கும். அப்படியே சேவ் செய்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும், திரும்பக் கிடைக்காது.

3. பைலுக்கு 2026-03 என்பது போல ஆண்டும் மாதமும் முன்னால் வருமாறு பெயர் வையுங்கள். போல்டரில் தானாகவே வரிசையாக நிற்கும்.

4. அந்த போல்டரை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க் போனாலும் அது இருக்கும்.

5. சேவ் செய்த பைலை ஒரு முறை திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

பணம் கட்ட முடியாதவர்கள்

மாணவர்களுக்கும் சம்பளம் குறைவாக உள்ளவர்களுக்கும் மாதம் 400 ரூபாய் என்பது சின்னத் தொகை அல்ல. கட்ட முடியவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். தளத்துக்காரருக்கு ஈமெயில் போட்டுக் கேளுங்கள். சலுகை தருபவர்கள் உண்டு. தளத்தில் தவறு கண்டால், எந்த பிரவுசர், என்ன செய்தபோது என்ன வந்தது என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். குறிப்பாகத் தமிழ் எழுத்துகளில் உள்ள கோளாறுகளை நம்மைத் தவிர வேறு யாரும் அவருக்குச் சொல்லப் போவதில்லை. பிடித்திருந்தால் அதையும் நாலு வரி எழுதுங்கள். தனியாக உட்கார்ந்து தளம் நடத்துபவருக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை புகார்கள்தான்.

எல்லாத் தளத்துக்கும் பணம் கட்டச் சொல்லவில்லை. எப்போதாவது திறந்து பார்ப்பவற்றை இலவசமாகவே பயன்படுத்துங்கள். தினமும் திறப்பது எது, நாளை காலை இல்லாவிட்டால் உண்மையிலேயே தேடுவது எது என்று யோசியுங்கள். அப்படி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதற்குக் கட்டலாம். அதற்கு முன், இந்த மாத எழுத்தை இன்றைக்கே டவுண்லோட் செய்து வையுங்கள்.